மழை முன்னறிவிப்பும் நமது மருந்து அறையும்





ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் துவக்கத்திலோ இந்திய வானிலை ஆய்வுத் துறை வடகிழக்குப் பருவமழையைப் பற்றிய முன்னறிவிப்பை வெளியிடுகிறது. செய்தித்தாளில் அதைக் கண்டவுடனே, "இந்த வருஷம் மழை இயல்பாகத்தான் இருக்குமாமே, உங்களுக்குக் கவலையில்லையே?" என்று அன்புடன் விசாரிக்கிற சபையார் உண்டு. அந்த "இயல்பு" என்ற சொல்லைப் பற்றியே இம்முறை எழுத விரும்புகிறோம்.

அது தமிழ்நாடு, கேரளம், ஆந்திரக் கடற்கரை முதலான பகுதிகள் அடங்கிய தென் தீபகற்பம் முழுவதற்கும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாத மொத்த மழைக்கும் சொல்லப்படுகிற சொல். நீண்டகாலச் சராசரி ஏறக்குறைய 33 செ.மீ. அதில் 88 முதல் 112 சதவீதத்துக்குள் பெய்தால் இயல்பு. தமிழ்நாட்டை மாத்திரம் எடுத்துக்கொண்டால் இந்த மூன்று மாதச் சராசரி சுமார் 44 செ.மீ. ஆண்டு முழுவதும் நாம் பெறுகிற மழையில் இது ஏறக்குறையப் பாதி. எந்த ஊரில், எந்த இரவில் பெய்யும் என்பதை இந்த அறிவிப்பு சொல்லுவதில்லை. சொல்லவும் முடியாது.

2023-ஆம் ஆண்டு இதற்குச் சாட்சி. அந்தப் பருவத்தில் மாநிலத்தின் மொத்த மழை இயல்பை ஒட்டியே இருந்தது. ஆனால் டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. மூன்று மாதச் சராசரியைப்போல் இரு மடங்கு, ஒரே நாளில்! 2016-லோ நேர்மாறு. பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் பொய்த்து, குளங்கள் வறண்டு கிடந்தன. அதே பருவத்தில்தான் டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. 2017-இல் மழை இயல்பை ஒட்டியே இருந்தும், ஒக்கிப் புயல் குமரிக் கடலில் எத்தனை மீனவர் வீடுகளை இருளாக்கியது என்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

எல் நினோ ஆண்டுகளில் நமக்கு மழை கூடும் என்பார்கள். 2015-உம் 2023-உம் அப்படிப்பட்டவைதான். ஆனால் அதற்கு எதிரான லா நினா நிலவிய 2021-இலும் மழை மிக அதிகமாய்ப் பெய்தது. ஆகவே அது ஒரு சாய்வே அன்றி உறுதி அல்ல.

எங்கள் பகுதிக்கு இன்னொரு சிறப்பு உண்டு. பொதிகை மலையும் மன்னார் வளைகுடாவும் தாமிரபரணியால் ஒன்றாய்க் கட்டப்பட்டவை. ஆறு சுமார் 125 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. கடலிலிருந்து வருகிற ஈரக்காற்றை மலை தடுத்து நிறுத்தும்போது, மலையடிவாரமும் கடற்கரையும் ஒரே நேரத்தில் நனைகின்றன. 2023-இல் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர் பெருகி இறங்கிய வேளையில் சமவெளியிலும் அடைமழை. குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் தீவைப்போலானது. அங்கே நின்றுபோன திருச்செந்தூர் விரைவு ரயிலின் பயணிகள் மீட்கப்படும்வரை நாங்கள் யாவரும் ஜெபத்தில் இருந்தோம். வேலை முடித்த நர்ஸ்மார் வீடு போகவும் முடியவில்லை, அடுத்த முறைக்கு வரவேண்டியவர்கள் வந்து சேரவும் முடியவில்லை.

சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டால் தெரிந்துவிடுமே என்பீர்கள். ஒரு நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தால் "அதி கனமழை". அதற்கு மேல் வேறு சொல் இல்லை. 21 செ.மீ.க்கும் அதே சொல், 95 செ.மீ.க்கும் அதே சொல். அந்தச் சொல் வருவதும் பெரும்பாலும் ஓரிரு நாட்களுக்கு முன்புதான். அதற்குள் மருந்து லாரியை வரவழைக்க இயலாது.

வெள்ளம் வடிந்த பன்னிரண்டாம் நாள் ஒரு விவசாயத் தொழிலாளியைக் கொண்டுவந்தார்கள். கண்கள் மஞ்சள், சிறுநீர் குறைந்துவிட்டது. வெடித்த பாதங்களோடு இரண்டு நாள் தண்ணீரில் நடந்து மாடுகளைக் கரையேற்றியவர். காய்ச்சலுக்கு ஐந்து நாள் கடையில் மாத்திரை வாங்கித் தின்றிருக்கிறார். படுக்கையருகே ஜெபித்து முடித்தபோது அவர் மனைவி கேட்டார்: "வெள்ளந்தான் வடிஞ்சிட்டே ஐயா, பெறவு ஏன் காய்ச்சல் வருது?"

நியாயமான கேள்வி. எலிக்காய்ச்சல் கிருமி, எலி முதலான பிராணிகளின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து பாதத்தின் வெடிப்பு வழியாய் உள்ளே போகிறது. பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரம் கழித்தே காய்ச்சலாகிறது. டைபாய்டுக்கும் அப்படியே ஒன்று முதல் மூன்று வாரம். தேங்கிய நல்ல தண்ணீரில் கொசு முட்டையிட்டு வளர்ந்து டெங்கு பரவ அதற்கும் மேல் ஆகும். குளிர் மாதங்களில் புதரும் வயலும் உள்ள இடங்களில் உண்ணிக் காய்ச்சல் வேறு. சிகரெட்டால் சுட்டதுபோன்ற கறுத்த பொருக்கு அக்குளிலோ இடுப்பிலோ இருக்கிறதா என்று எங்கள் டாக்டர்கள் தேடிப் பார்க்கிறார்கள். எலிக்காய்ச்சலுக்கும் இதற்கும் டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையே ஆரம்பத்தில் போதுமானது. தாமதித்தால் டயாலிசிஸ். அந்தச் சகோதரருக்கு நான்கு முறை டயாலிசிஸ் செய்ய வேண்டியதாயிற்று. ஆண்டவர் கிருபையாய்ச் சுகம் தந்தார்.

இதைச் சற்றுத் தயக்கத்துடனேயே எழுதுகிறோம். வெள்ளப் படங்கள் தொலைக்காட்சியில் வருகிற வாரத்தில் காணிக்கைகள் தாராளமாய் வருகின்றன. அதற்காக ஸ்தோத்திரம். ஆனால் அந்த வாரம் சாலை இல்லை. சாலை திறந்து, நோயாளிகள் திண்ணைவரை நிரம்புகிற மூன்றாம் வாரத்தில், படங்களும் நின்றுவிடுகின்றன, காணிக்கையும் குறைந்துவிடுகிறது.

ஆகவே முன்னறிவிப்பு "இயல்பு" என்றாலும் "குறைவு" என்றாலும், செப்டம்பர் மாதத்திலேயே மருந்து அறையை நிரப்பிவிடத் தீர்மானித்திருக்கிறோம். டாக்சிசைக்ளின், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், குளுக்கோஸ் பாட்டில்கள், வெள்ளத்தில் வீட்டுக்குள் ஏறும் பாம்புகளுக்காக விஷமுறிவு மருந்து (ஒருவருக்கே முதலில் பத்துக் குப்பிகள் தேவைப்படும்), ஜெனரேட்டருக்கு டீசல். மருந்துப் பெட்டிகளைத் தரைத்தளத்திலிருந்து மாடிக்கு ஏற்றும் வேலையும் இருக்கிறது. கிறிஸ்துமஸ் காணிக்கையாய் அனுப்ப எண்ணியிருப்பவர்கள், கூடுமானால் அதில் ஒரு பங்கை அறுப்பின் பண்டிகைக் காலத்திலேயே அனுப்பிவையுங்கள். உறையின்மேல் "மழைக்கால மருந்து" என்று குறித்தால் போதும், அலுவலகத்தில் தனிக் கணக்கில் வரவு வைக்கிறார்கள்.