பாதரசம் பொல்லாதது!

வெள்ளியை உருக்கி விட்டது போலப் பளபளக்கும். தரையில் விழுந்தால் முத்து முத்தாக உருண்டு ஓடும். குழந்தைகளுக்கு அது விளையாட்டு. ஆனால் பாதரசம் ஒரு விஷம்!

கோடைக்கானலில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அமெரிக்காவில் நடந்து வந்த தொழிற்சாலை அது. 1980-களில் இங்கே கொண்டு வந்தார்கள். பிறகு அது இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் வசமாயிற்று. தெர்மாமீட்டர்கள் வெளிநாடு போயின. உடைந்த கண்ணாடி இங்கேயே தங்கிற்று.

மூட்டை மூட்டையாக...

2001 மார்ச் மாதம். மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில், பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஊர் மக்கள் திடுக்கிட்டார்கள், திரண்டார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே போயிற்று. (வந்த வழியே போவதுதானே முறை!)

உடல் கெட்டு விட்டது என்றார்கள் தொழிலாளர்கள். அதற்குத் தொழிற்சாலை காரணம் அல்ல என்றது கம்பெனி. 2016-ல்தான் 591 பேருடன் சமரசம் ஆயிற்று. ஆலை மூடிப் பதினைந்து வருடம்! கூலிக்காரக் குடும்பத்துக்கு அது சின்னக் காலமா?

மூச்சில் கலக்கும்

பாதரசம் சும்மா கிடந்தாலும் ஆவியாகும். அந்த ஆவிக்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. மூச்சுடன் உள்ளே போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

வீட்டில் பழைய தெர்மாமீட்டர் உடைந்து விட்டால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். பாதரசம் இன்னும் சிதறும். குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கெட்டி அட்டையால் மணிகளை ஒன்றுசேர்த்து, ஒரு பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள். சாக்கடையில் மட்டும் கொட்டி விடாதீர்கள்.