தலைக்கு மேல் தொங்கும் துணி

வேளிமலைக் குமாரசுவாமி பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாக எழுந்தருளி, நவராத்திரி முடியும்வரை ஆரியசாலை தேவி கோயிலில் தங்குவது வழக்கம். அந்த நாட்களில்தான் வட்டாரத்துத் தமிழர்கள் ஆயுத பூஜைக்காக வண்டியின் உள்ளேயும் துடைக்கிறார்கள். செகண்ட் ஹாண்டில் கார் வாங்கிய குமாஸ்தா அண்ணாந்து பார்த்தால் கூரைத் துணி தொட்டில் போலத் தொங்குகிறது!

குற்றம் துணியுடையதல்ல. கூரை அட்டைக்கும் துணிக்கும் நடுவே மெல்லிய ஃபோம் இருக்கிறது. திருவனந்தபுரத்து வெயிலும் ஈரக்காற்றும் சில வருஷங்களில் அதைப் பொடியாக்கி விடுகின்றன. பொடியின் மேல் எந்தப் பசை நிற்கும்? குண்டூசி குத்துவதும், ஊசியால் பசை ஏற்றுவதும் நாலு நாள் கூத்து. கொடுத்த காசு போனதுதான்.

அட்டையையே கழற்ற வேண்டும். வெயில் மறைப்பு, கைப்பிடிகள், உள்விளக்கு, கதவோர ரப்பர், தூண்களின் பிளாஸ்டிக் மூடிகள் எல்லாம் முதலில் வரும். இருக்கையைச் சாய்த்து, இரண்டு பேர் பிடித்து, மடங்காமல் வெளியே எடுக்க வேண்டும். ஒரு தடவை மடிந்தால் அந்தக் கோடு போகவே போகாது. பிறகு பழைய ஃபோமைத் துகள் விடாமல் சுரண்ட வேண்டும். அவசரக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான். சூடு தாங்கும் பசையை அட்டையிலும் புதுத் துணியிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டுவார்கள்.

2014-ல் உற்பத்தி நின்ற அம்பாசடரில் கதை வேறு. அதில் அட்டை கிடையாது. துணியில் தைத்த உறைகளுக்குள் வளைகம்பிகள் ஓடும். கழற்றும்போதே கம்பிகளுக்கு வரிசை எண் போட்டு வைப்பவரே கெட்டிக்காரர். மாறிப் போனால் துணி சுருங்கும்.

புது வண்டிகளில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. பல மாடல்களில் கதவுகளுக்கு மேலே, கூரையோரத்தில் ஏர்பேக் சுருண்டு கிடக்கும். பாட்டரி இணைப்பை எடுத்து, கம்பெனிப் புத்தகம் சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே அங்கே கை வைக்கலாம். அந்த ஓரத்தில் ஸ்குரூ அடிப்பதோ, மூடியைப் பசையால் ஒட்டுவதோ கூடாது. விபத்தின்போது பை விரிய வழியிராது. வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்த்துவிட்டுப் பாக்கிப் பணத்தைக் கொடுக்கலாம்.