கடலில் இட்ட கோடும் கச்சத்தீவும்

நிலத்தில் எல்லை காணவேண்டின் கல் நடலாம், வேலி கட்டலாம். கடலில் எல்லை காண்பது எங்ஙனம்? நிலப்படம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ஒருநாள் இவ்வினாவை எதிர்கொண்டே தீர்வர். பாலோவில் எம் தோட்டப் பள்ளி மாணவருள் கடலையே கண்டிராதவர் உளர். அவர்களும் இதனைக் கேட்கின்றனர். இதற்கு விடைகூறக் கச்சத்தீவினும் ஏற்ற எடுத்துக்காட்டு தமிழர்க்கு இல்லை எனலாம்.

இராமேசுவரத்துக்கு வடகிழக்கே, நெடுந்தீவுக்குத் தென்மேற்கே, பாக்குக் கடலில் கிடப்பது இத்தீவு. பரப்பு 285 ஏக்கர். குடிநீர் இல்லை, ஆதலின் குடியிருப்பாரும் இல்லை. (இலங்கைத் தமிழர் 'கச்சதீவு' என வல்லெழுத்து மிகாமலும், தமிழகத்தார் 'கச்சத்தீவு' என மிகுத்தும் எழுதுவர். இலக்கணம் கற்பிப்போர் இதனையும் நோக்குக.) அங்குள்ள வழிபாட்டிடம் அந்தோனியார் கோவில் ஒன்றே. இராமநாதபுரப் பகுதி மீனவர் சீனிக்குப்பன் படையாச்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை எழுப்பினார் என்பர்.

தீவு சேதுபதிகளின் சமீனைச் சேர்ந்தது என்பது தமிழகத்தார் வாதம். போர்த்துக்கீசர் காலந்தொட்டே தம் ஆட்சிக்குட்பட்டது என்பது இலங்கையின் வாதம். 1921இல் சென்னை, இலங்கை அரசுகளின் பேராளர் கூடி மீன்பிடி எல்லை ஒன்றைப் பேசினர். அது உறுதி செய்யப்படவில்லை. 1974 சூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையொப்பமிட்ட உடன்பாடே எல்லையை முடிவு செய்தது. கடலில் ஆறு நிலைகளை அகலக்கோடு, நெடுங்கோடு கொண்டு குறித்து, அவற்றை வரிசையாக இணைத்தனர். அக்கோடு தீவின் மேற்கே ஏறத்தாழ ஒரு மைலில் செல்கிறது. அந்த ஒரு மைலால் தீவு இலங்கையதாயிற்று.

ஆயினும் அவ்வுடன்பாட்டின் 5ஆம் பிரிவைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே தீவுக்கு வந்து போகலாம். அதற்குக் கடவுச்சீட்டோ நுழைவிசைவோ இலங்கை கேட்கலாகாது. வந்து போகலாம் என்றதே அன்றி, மீன் பிடிக்கலாம் என அப்பிரிவு கூறவில்லை. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் எல்லை வகுத்தபோது, ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கலாகாது எனக் கடிதவழி உறுதி செய்துகொண்டனர். இன்றுவரை நிகழும் கைதுகளுக்கும் படகுப் பறிமுதலுக்கும் வேர் இங்கேதான் உளது. எனினும் பழியைக் கோட்டின்மீது மட்டும் சுமத்துதல் பொருந்தாது. தமிழகத்தின் இழுவைப் படகுகள் அடிக்கடலை வாரிச் செல்கின்றன என முறையிடும் வடபுல மீனவரும் தமிழரே. இலங்கை அம்முறையை 2017இல் தன் கடலில் தடை செய்தது.

இத்தகைய தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. துருக்கிக் கரைக்கு இரண்டே கிலோமீட்டர் அப்பாலுள்ள கசுத்தெலோரிசோ 1947ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கிரேக்க நாட்டுக்கு உரியதாயிற்று. கண்ணுக்கெதிரே தெரியும் கரைக்குப் படகேறுவோரும் அங்கே அயல்நாடு செல்வோரே. நம் சொகூர்க் கடலிலோ, பத்து பூத்தே பாறை சிங்கப்பூருக்கு உரியதென 2008 மே 23இல் அனைத்துலக நீதிமன்றம் தீர்த்தது. அங்கு 1851 முதல் நிற்கும் கலங்கரை விளக்கைவிட, 1953இல் சொகூர் அரசின் செயலர் பொறுப்பிலிருந்தவர் எழுதிய ஒரு கடிதமே வழக்கில் பெரிதும் பேசப்பட்டது. பாறைக்கு உரிமை கோரவில்லை என்பது அக்கடிதத்தின் சாரம்.

இனி, பயணம் நடைபெறும் முறை. அந்தோனியார் திருவிழா பெப்ருவரியிலோ மார்ச்சிலோ இரண்டு நாள் நிகழும். இராமேசுவரத்தார் முன்கூட்டியே பெயர் பதிந்து, சோதனை முடித்துப் படகேறுவர். இந்தியக் கடலோரக் காவற்படை கோடுவரை உடன்வரும். அப்பால் இலங்கைக் கடற்படையின் பொறுப்பு. முதல் நாள் மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர். இரவு மணலிலே தங்கல். மறுநாட் காலை இருநாட்டுக் குருமாரும் சேர்ந்து நிகழ்த்தும் தமிழ்த் திருப்பலி. போர்க்காலத்தில் நெடுநாள் முடங்கிய இவ்விழா 2010இல் உயிர்பெற்றது. 2016 திசம்பரில் புதுக்கோவிலும் திறக்கப்பெற்றது. கைதான மீனவர்க்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டமையைக் கண்டித்து இராமேசுவரத்துப் படகுக்காரர் 2024ஆம் ஆண்டு விழாவைப் புறக்கணித்தனர். 2025 மார்ச்சில் மீண்டும் படகேறினர்.