மடியில் வளரும் குட்டி நாய்... உங்க கைமருந்து வேண்டாம்!

‘‘டாக்டர், குட்டிக்கு மந்தமா இருக்கு. ரெண்டு பல் பூண்டு நசுக்கிக் கொடுக்கட்டுமா?’’

மூட்டுவலிக்காக என்னிடம் வந்த கள்ளக்குறிச்சி அம்மா ஒருவர் கேட்டார். அவர் மடியில் ஒரு சிவாவா நாய்!

பதறிப்போய்த் தடுத்தேன். நமக்கு மருந்தாகிற பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாக்லேட், திராட்சை, பாராசிட்டமால் மாத்திரை எல்லாமே ஆபத்து. மெக்ஸிகோவைச் சேர்ந்த இந்த நாய், வளர்ந்தாலும் சுமார் மூன்று கிலோதான். நமக்குத் துளி, அதற்கு நஞ்சு!

குட்டி பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை குறைந்து துவண்டுவிடும், வலிப்பும் வரலாம். தீனியை நாலு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். துவண்டால் ஈறில் துளி தேன் தடவி, உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். சோபாவிலிருந்து குதித்தாலே கால் முறியும், கவனம். மார்கழியில் கல்வராயன் மலைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? ஸ்வெட்டர் போடுங்க; குளிர் தாங்காது.

முக்கியமான விஷயம்... ‘சின்னப் பல்லுதானே’ என்று கடியை அலட்சியம் செய்யாதீங்க. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போடுங்கள். வெறிநோய் கண்டுவிட்டால் பிழைப்பது மிக அபூர்வம். வெறிநாய்க்கடி சிகிச்சைக்கென்றே குன்னூரில் 1907-ல் பாஸ்டர் நிலையம் தொடங்கினார்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், பச்சிலையை நம்பி நாளைக் கடத்தாதீங்க! மூன்று மாதமானதும் குட்டிக்கும் தடுப்பூசி அவசியம்.

பூண்டு? அது ரசத்துக்கே போகட்டும்!