காளைப் பெட்டியா, கதிர் அரிவாள் பெட்டியா?

ஓட்டுச்சாவடித் தட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்க்க ஆசையா? வாருங்கள், சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்த 1952 ஜனவரிக்குப் போய்விடுவோம்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எதுவும் அன்று சென்னை இல்லை. ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளைவித்த செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள். அம்பத்தூரில் டிஐ சைக்கிள் ஆலை அப்போதுதான் தலையெடுத்திருந்தது. சொத்து கேட்கவில்லை, படிப்பு கேட்கவில்லை. 21 வயதானால் ஓட்டு உண்டு என்றது புது அரசியல் சட்டம். நாற்று நடுகிறவரும் நிலத்துக்குச் சொந்தக்காரரும் ஒரே வரிசையில்! நினைக்கும்போதே சிலிர்க்கிறது.

சரி, தட்டிக்குள் நுழைவோம். பேனா இல்லை, முத்திரை இல்லை, எல்லாம் பெட்டிகள்! வேட்பாளருக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு சின்னம். காங்கிரசுக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளை. கம்யூனிஸ்டுக்குக் கதிர் அரிவாள். சோஷலிஸ்டுக்கு மரம், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை. கையில் கொடுக்கும் சீட்டு ஒரு ரூபாய் நோட்டளவு. அதில் எந்த வேட்பாளர் பெயரும் கிடையாது. பிடித்த சின்னத்தின் பெட்டியில் அதைப் போட்டால் தீர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்களை மனத்தில் வைத்துப் பிறந்த ஏற்பாடு இது, எவ்வளவு அழகு! மக்களவையோடு சட்டமன்றத்துக்கும் கூடவே தேர்தல் என்பதால் அதற்கு வேறு பெட்டிகள். வெளியே வந்தவரின் விரலில் அழியாத மை.

இவ்வளவையும் முடுக்கிவிட்டவர் சுகுமார் சென். கணிதம் படித்த ஐ.சி.எஸ். அதிகாரி, நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர். வாக்காளர்கள் 17 கோடியே 32 லட்சம் பேர்! இதில் என் மனசை உறுத்துவது ஒன்று உண்டு. வடக்கே பல பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஏறக்குறைய 28 லட்சம் பேரைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னார் சென். கடுமைதான். ஆனாலும் ஒரு பெண்ணுக்கு அவள் பெயரிலேயே ஓட்டு என்று அவர் அடித்துச் சொன்னதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

முடிவு? மக்களவையில் காங்கிரசுக்கு 489 இடங்களில் 364. அதில் சென்னை மாநிலத்திலோ 75-இல் 35-தான்! முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். சட்டமன்றத்தில் பெரும்பான்மை கிடைக்காமல் கட்சி தவித்து, கடைசியில் ராஜாஜியை அழைத்து வந்தது. நம் பக்கத்துத் திருவள்ளூர் தொகுதியிலோ காங்கிரஸ் ஜெயித்தது, அதுவும் ஒரு பெண்! பெண்கள் வெகு சிலரே உட்கார்ந்த அந்த முதல் மக்களவைக்குப் போனார் மரகதம் சந்திரசேகர்.

மூன்றே வருஷத்தில் டெல்லி இந்தப் பக்கம் வந்தது. 1955 ஜனவரியில் நேருவும் காமராஜரும் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் இருந்தார்கள்; சோஷலிச பாணி சமுதாயமே இலக்கு என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது.