தாவரச் சாயங்கள்

திருவனந்தபுரத்தை அடுத்த பலராமபுரத்தில் மூலிகைச் சாயம் ஏற்றிய பருத்தி நூலால் ஆடைகள் நெய்யப்படுகின்றன. கம்பளி நூலுக்கும் தாவரச் சாயங்கள் ஏற்றவை. மஞ்சிட்டி வேர் சிவப்பையும், அவுரி இலை நீலத்தையும், மாதுளைத் தோல் மஞ்சளையும் தரும்.

அவுரி நீங்கலாகப் பெரும்பாலான சாயங்கள் நூலில் தாமாக நிலைப்பதில்லை. எனவே, கம்பளி நூலை முதலில் படிகார நீரில் இட்டு மெல்லச் சூடாக்குவர்; பின்னரே சாயநீரில் இடுவர்.

திருப்பூரின் வேதிச்சாயக் கழிவுகளால் நொய்யல் ஆறு மாசுற்றது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாயத் தொழிற்கூடங்களை மூட ஆணையிட்டது. ஆயினும், செடியிலிருந்து கிடைத்தது என்பதாலேயே ஒரு சாயம் தீங்கற்றதாகிவிடாது. நிறம் நிலைக்க மயில்துத்தம் சேர்த்தால், கழிவுநீரில் கலக்கும் செம்பு மீன்களைக் கொல்லும். படிகாரம் அதனினும் தீங்கு குறைந்தது. ஆகவே, சாயமிடுவோர் எஞ்சிய நீர் எங்குச் சென்று சேரும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.