ரிமோட்டில் கிளம்பும் கார் ஏன் உடனே அணைகிறது?

கனடாவின் வின்னிபெக் நகரில் ஜனவரிக் குளிர் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போவதுண்டு. வீட்டுக்குள் இருந்தே ரிமோட்டை அழுத்தி, கார் சூடேறிய பிறகு போய் ஏறுவது அங்கே சகஜம். ஆனால் புதிதாகப் பொருத்திய ரிமோட் ஸ்டார்ட்டர் சில சமயம் மக்கர் செய்யும். இன்ஜின் கிளம்பும், ஓரிரு நொடியில் அணைந்துவிடும்.

ஏன்?

காரணம், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர். கனடாவில் 2007 செப்டம்பர் முதல் புதிய கார்களில் இது கட்டாயம். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் இருக்கும் சிப்புக்கு பேட்டரி கிடையாது. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளின் காந்தப்புலமே அதற்கு மின்சாரம் தருகிறது. உடனே சிப் தன் ரகசியக் குறியீட்டை அனுப்பும். அது வராவிட்டால், பல கார்களில் கணினி எரிபொருளை நிறுத்திவிடும். ரிமோட்டில் கிளப்பும்போது சாவி அங்கே இல்லையே! அந்த நேரத்தில் சாவியின் சார்பில் பதில் சொல்லத்தான் பைபாஸ் மாட்யூல்.

கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் சாவி போட்டு ஓட்டிப் பாருங்கள். அதிலும் அணைந்தால் சிக்கல் காரிலேயே இருக்கலாம். சாவியில் ஒழுங்காக ஓடினால், ரிமோட்டை அழுத்தும்போது சாவியைத் துளையருகே பிடியுங்கள். இப்போது இன்ஜின் நின்றுபோகாமல் ஓடினால் குற்றவாளி பைபாஸ்தான். அதன் எர்த் ஒயர் பெயின்ட் மேல் இல்லாமல் வெறும் உலோகத்தில் இறுகியிருக்கிறதா, ஸ்டார்ட்டரிலிருந்து அதை எழுப்பும் ஒயர் இணைந்திருக்கிறதா, புரோகிராமிங் முடிந்ததா என்று வரிசையாகப் பாருங்கள்.

இன்ஜின் சுழலவே இல்லையா? பானெட் சுவிட்சைப் பாருங்கள். பானெட் திறந்திருப்பதாக அது காட்டினால், பாதுகாப்புக்காக ஸ்டார்ட்டர் இயங்காது.